குடியை விட்டவர் ஆபீஸ் பார்ட்டிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். சிகிச்சை எடுத்துக் குடியை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. இதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் ப்ராஜெக்ட் முடிந்ததற்காக ஸ்டார் ஹோட்டலில் டின்னர். அடுத்த மாதம் பாண்டிச்சேரிக்கு ஒரு இரவு தங்கி வரும் டீம் அவுட்டிங். போகாவிட்டால் மேனேஜர் தப்பாக நினைப்பார், அப்ரைசலில் அடி விழும். போனால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

டின்னருக்குப் போங்கள். பாண்டிச்சேரியில் ராத்திரி தங்குவது இந்த வருடம் வேண்டாம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஆபத்து என்று பார்த்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒன்றில் நினைத்த நேரத்தில் எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடிக்கலாம். இன்னொன்றில் அது முடியாது.

குடிநோய் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்புகிறவர்களோடு பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. ஐடி, மருந்துக் கம்பெனி, கட்டுமானம், வங்கி என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். பார்ட்டிக்குக் கிளம்பும் முன் அத்தனை பேருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான்: "யாராவது வற்புறுத்தினா என்ன சொல்றது?" ஆனால் பார்ட்டியில் மறுபடி ஆரம்பித்துவிட்டு வந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், வற்புறுத்தலால் விழுந்ததாகச் சொல்கிறவர் குறைவு. பெரும்பாலும் மணி பத்தரை ஆகியிருக்கும். சாப்பாடு வந்திருக்காது. எல்லோரும் ஒரு கட்டத்தைத் தாண்டியிருப்பார்கள், இவர் மட்டும் மொபைலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் கேட்காமலே இவரே ஒரு கிளாஸை எடுத்திருப்பார். அதனால் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பதில் கால்வாசி நேரம் போதும். மீதி முக்காலும் எத்தனை மணிக்குப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எப்படி வீடு வந்து சேர்வது என்பதற்குத்தான்.

ஆபீஸ் டின்னர் எப்படி நகரும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழரைக்கு அழைப்பு. எட்டு மணிக்குள் பெரிய தலைகள் வந்துவிடும். டெலிவரி ஹெட் நாலு வார்த்தை பேசுவார், கிளையன்ட் அனுப்பிய பாராட்டு மெயிலைப் படிப்பார், கைதட்டல், குரூப் போட்டோ. எட்டே கால் வாக்கில் ஸ்டார்ட்டரும் முதல் ரவுண்டும். ஒன்பது, ஒன்பதேகால் வரை பேச்சில் சாரம் இருக்கும். அடுத்த ப்ராஜெக்ட் எது, ஆன்சைட் யார், எந்த டீமை எதோடு சேர்க்கப் போகிறார்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் கதையே வேறு. சொன்னதையே சொல்வார்கள், பழைய மேனேஜரைத் திட்டுவார்கள், "மச்சி, உனக்காக நான் என்ன வேணாலும் செய்வேன்டா" என்று தோளில் சாய்வார்கள். அதில் பாதி மறுநாள் காலையில் சொன்னவருக்கே நினைவிருக்காது. நீங்கள் எப்போது கிளம்பினீர்கள் என்பதும்தான்.

உங்கள் மேனேஜர் உங்களைப் பார்க்க வேண்டும், போட்டோவில் நீங்கள் இருக்க வேண்டும், டீம் பையன்களிடம் "நல்லா பண்ணீங்க" என்று கைகொடுத்துச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏழரைக்கே போய்விடுங்கள். சீக்கிரம் வந்தவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்பதரைக்குள் எழுந்துவிடுங்கள்.

சீக்கிரம் கிளம்பப் போவதை அன்று ராத்திரி அறிவிக்காதீர்கள், பெரிய பஞ்சாயத்தாகிவிடும். "அதெல்லாம் முடியாது, உக்காரு" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டு நாள் முன்பே, பகலில், மேனேஜர் சீட்டுக்குப் போய் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்: "சார், வெள்ளிக்கிழமை டின்னருக்கு வந்துடறேன். ஒன்பதரைக்குக் கிளம்பணும், வீட்டுல வேலை இருக்கு." மானிட்டரைப் பார்த்தபடியே சரி என்பார். அப்புறம் அன்றைக்கு யார் இழுத்தாலும் "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்று எழுந்து வந்துவிடலாம்.

இனி சாக்கு விஷயம். நம்மூரில் மிகப் பலமான சாக்கு சபரிமலை மாலைதான். கார்த்திகையில் "மாலை போட்டிருக்கேன்" என்று சொன்னவரை, எப்பேர்ப்பட்ட குடிகாரரும் "சாமி, தள்ளி உக்காருங்க" என்று மரியாதையாக விட்டுவிடுவார். அடுத்து "மாத்திரை சாப்பிடறேன்", "நாளைக்குக் காலையில பிளட் டெஸ்ட்", "வண்டி ஓட்டணும்". அன்றைய ராத்திரிக்கு எல்லாமே வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. மகரஜோதி முடிந்த மறுவாரமே "மாலை கழட்டியாச்சுல்ல, எப்போ பார்ட்டி?" என்று வந்து நிற்பார்கள். ஆன்டிபயாடிக் ஐந்து நாளில் முடிந்துவிடும். ஆறு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறீர்கள். கையிருப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும், அதனால்தான் இப்போது பயம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, சாக்குச் சொல்லும்போது "எனக்கும் குடிக்க ஆசைதான், இன்னைக்கு முடியல" என்று அவர்களிடம் மட்டும் சொல்லவில்லை, உங்களுக்கே சொல்லிக்கொள்கிறீர்கள்.

கெடு இல்லாத ஒரு வரி போதும். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"என்ன பாஸ், கையில ஒண்ணையும் காணோம்?"

"நான் குடிக்கிறதில்ல. லைம் சோடா சொல்லியிருக்கேன்."

"ஏன், போன வருஷம் செம்மயா அடிச்சீங்களே?"

"உடம்புக்கு ஒத்துக்கல, விட்டுட்டேன். அந்த பன்னீர் டிக்காவை இந்தப் பக்கம் தள்ளுங்க."

இதில் பொய் எதுவும் இல்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் விட்டீர்கள். பன்னீர் டிக்கா முக்கியம். பதில் சொல்லிவிட்டு அப்படியே அமைதியாக இருந்தால் எதிராளி அடுத்த கேள்வியைப் போடுவார். பேச்சை வேறு பக்கம் தள்ளிவிட வேண்டும். விளக்கம் நீள நீள அவர்களுக்கு வாதாட இடம் கிடைக்கிறது. ஈரல், டாக்டர், எஸ்ஜிபிடி என்ற ஈரல் டெஸ்ட் என்று ஆரம்பித்தால், "எங்க மாமாவுக்கு எழுபது வயசு, தினமும் அடிக்கிறார், கல்லு மாதிரி இருக்கார்" என்று மேஜையில் ஒருவர் கட்டாயம் சொல்வார்.

மூன்று முறைக்கு மேல் வற்புறுத்துகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் அவருக்கே தன் குடியைப் பற்றி உள்ளுக்குள் உறுத்தல் இருக்கும். நீங்கள் குடிக்காமல் எதிரே உட்கார்ந்திருப்பதே அவரைக் கேள்வி கேட்பது போல இருக்கும். அவரிடம் வாதாட வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அதே ஆள் தனியாக வந்து, "நீங்க எப்படி விட்டீங்க?" என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அடிக்கடி நடக்கிறது.

நீங்கள் ஒருவர்தான் குடிக்காதவர் என்ற எண்ணம் வரும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரை உள்ள இந்தியர்களில் குடிப்பவர்கள் 14.6 சதவீதம். ஆண்களை மட்டும் எடுத்தால் 27.3 சதவீதம். அதாவது ஏறக்குறைய நாலில் மூன்று ஆண்கள் குடிப்பதில்லை. உங்கள் டீமிலேயே எண்ணிப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள், டெஸ்டிங்கில் இருக்கும் அந்த அமைதியான பையன், வெள்ளிக்கிழமை விரதக்காரர் என்று ஒரு கூட்டமே கையில் ஜூஸோடு நிற்கும். குடித்த காலத்தில் அந்தப் பக்கம் நாம் பார்த்திருக்க மாட்டோம். அங்கே போய் உட்காருங்கள்.

சாப்பாடு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மருந்துக்கு அடுத்தபடி நான் வலியுறுத்துவது இதைத்தான். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டங்களில் நான்கு எதிரிகளைச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆபீஸ் பார்ட்டி நாலையும் ஒரே தட்டில் வைக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு, பதினோரு மணிக்குத்தான் வரும் மெயின் கோர்ஸ், அப்ரைசல் கடுப்பு, கூட்டத்துக்கு நடுவே ஒட்டாத உணர்வு. ஆறரை மணிக்கே நாலு இட்லியோ ஒரு தோசையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயிறு நிறைந்தவருக்கு மசாலா கடலையும் சிக்கன் 65ம் வெறும் தின்பண்டம். பசித்தவருக்கு அது சைட் டிஷ், அதன் வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும்.

கையில் எப்போதும் ஏதாவது ஒரு கிளாஸ் இருக்கட்டும், கை காலியாக இருந்தால்தான் ஊற்றிக்கொடுக்க வருவார்கள். அதை நீங்களே பார் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, ஊற்றுவதைப் பார்த்து வாங்குங்கள். பாத்ரூம் போய் வந்தால் பழைய கிளாஸைத் தொடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். விளையாட்டாகக் கோக்கில் ரம்மைக் கலந்து வைக்கும் ஜாம்பவான்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹைனகன், பட்வைசர் எல்லாம் "0.0" போட்டு விற்கின்றன. ஆல்கஹால் இல்லாதது என்று விற்கப்படும் சில பீர்களில் 0.5 சதவீதம் வரை இருக்கும். அதைவிட எனக்குக் கவலை வேறு. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 1973ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குடிநோயாளிகளில் சிலருக்கு வோட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக் கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உள்ளே நிஜமாக வோட்கா இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. வோட்கா என்று நம்பியவர்கள்தான் அதிகம் குடித்தார்கள். அந்தப் பாட்டில், அந்த நுரை, அந்தக் கசப்பு, "சியர்ஸ்" எல்லாம் சேர்ந்து மூளைக்குப் பழைய செய்தியை அனுப்பிவிடும். பீர்தான் உங்கள் பழைய சரக்கு என்றால் ஜீரோ பீர் வேண்டாம். ரம்மும் கோக்கும் என்றால் கோக்கே வேண்டாம். லைம் சோடா, மோர், இளநீர், காபி என்று உங்கள் குடியோடு சம்பந்தமே இல்லாத ஒன்றை எடுங்கள்.

மறுபடி குடிக்காமல் இருக்க டாக்டர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுகிறவராக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆல்கஹால் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு ஒரு நொதியால் உடைக்கப்படுகிறது. இந்த மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். "பார்ட்டிக்காக ரெண்டு நாள் மாத்திரையை விட்டேன்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தற்கொலை முயற்சிக்குப் பக்கத்தில் வரும் யோசனை. ஹோட்டலில் டெஸர்ட்டையும் கேட்டுச் சாப்பிடுங்கள். டிரமிசுவில் ரம் இருக்கலாம், கிறிஸ்துமஸ் சமயத்து பிளம் கேக்கில் இருக்கலாம், சில சாஸ்களில் ஒயின் இருக்கும். தெரியாமல் உள்ளே போய் உடம்பு ஏதாவது செய்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை பெயரைச் சொல்லுங்கள். (குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் இந்த மாத்திரையைக் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் நம்மூரில் உண்டு. அதைச் செய்யவே கூடாது.)

ஆசை எழுந்தால்? எழும், ஆறு மாதத்தில் எழாமல் இருந்தால்தான் அதிசயம். அது அலை மாதிரி, ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியை மேஜையில் உட்கார்ந்து கழிக்க வேண்டாம். போன் வந்த மாதிரி எழுந்து லாபிக்கு வாருங்கள். நிஜமாகவே யாருக்காவது போன் செய்யுங்கள். ஏஏ ஸ்பான்சர் (அங்கே உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்), மனைவி, நண்பர், யாராக இருந்தாலும் அன்று ஒன்பது மணிக்கு மேல் போன் எடுப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்த ஆளாக இருக்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் ஆசை இன்னும் அப்படியே இருந்தால் உள்ளே திரும்பாதீர்கள். பை மேஜையில் இருந்தால் இருக்கட்டும், யாராவது எடுத்து வைப்பார்கள்.

நிறையப் பேர் யோசிக்காதது வீடு திரும்பும் வழி. டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. ஒன்பதரைக்குப் பார்ட்டியிலிருந்து வெற்றிகரமாக எழுந்து வந்தவர், தனியாக பைக்கில், "பரவால்ல, சமாளிச்சுட்டோம்" என்ற தெம்போடு வரும்போது வழியில் கடை திறந்துதான் இருக்கும். பார்ட்டியில் தொடாமல் வந்து கடையில் ஒரு குவார்ட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அங்கே பார்க்க யாரும் இல்லை, மறுக்க வேண்டிய அவசியமும் இல்லை, அதுதான் காரணம். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு டாக்ஸியில் போய் டாக்ஸியில் வாருங்கள். முடிந்தால் மனைவியோ தம்பியோ வந்து கூட்டிப்போகட்டும். வீட்டில் சூடாக ஏதாவது சாப்பிட இருக்கட்டும்.

மனைவி அன்று மூன்று முறை போன் செய்வார். கதவைத் திறந்ததும் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சை முகர்ந்து பார்ப்பார். "இன்னும் நம்பலையா?" என்று கோபம் வரும். ஆறு மாதம் உங்களுக்கு நீளம். பல வருடம் காத்திருந்து காத்திருந்து ஏமாந்தவருக்கு அது கொஞ்ச நாள்தான். கிளம்பும் முன் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், எட்டரைக்கு நீங்களாகவே ஒரு போன் போடுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். மூன்று நாலு பார்ட்டி போனால் முகர்வது தானாக நிற்கும். அவரோடு சண்டை போட்டுவிட்டு மட்டும் பார்ட்டிக்குப் போகாதீர்கள். அன்று சண்டை வந்துவிட்டால் பார்ட்டியை ரத்து செய்யுங்கள்.

"நான் குடிக்கல, நான் வண்டி ஓட்டறேன்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், சிறையும் விதிக்கலாம் என்று சட்டம் இருப்பதால் எல்லோரும் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஓட்டுநர் ஆனால் கடைசி ஆள் எழும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பதரைக் கணக்கு காலி. அப்புறம் போதையில் இருக்கும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்கு வேளச்சேரி, தாம்பரம், பல்லாவரம் என்று இறக்கிவிட வேண்டும், கார் முழுக்க அந்த வாடை வேறு. இன்னும் ஒரு வருடம் கழித்து அந்தப் புண்ணியத்தைத் தேடிக்கொள்ளலாம். இப்போது "டாக்ஸி புக் பண்ணித் தரேன்" என்பதோடு நிறுத்துங்கள். மிக்ஸிங் ஊற்றுவது, ஐஸ் எடுத்து வருவது, யாருக்கு எத்தனை பெக் என்று கணக்கு வைப்பது எல்லாம் குடிக்காதவர் தலையில்தான் கட்டுவார்கள். அதிலும் கை வைக்க வேண்டாம்.

பில் பற்றி ஒரு சின்ன விஷயம். எல்லோரும் பங்கு போடும் ட்ரீட்டில் குடிக்காதவரும் சமமாகக் கட்ட வேண்டுமா? உணவுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு மாநில வாட் வரி. அதனால் பெரும்பாலான ஹோட்டல்களில் பார் பில் தனியாகவே வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது சுலபம், கேட்பதில் தப்பில்லை. உங்கள் ப்ரமோஷனுக்கு நீங்கள் ட்ரீட் கொடுக்க வேண்டி வந்தால் மத்தியான பஃபே, நல்ல பிரியாணி, கதை முடிந்தது. "இதெல்லாம் பார்ட்டியா?" என்று இரண்டு பேர் முணுமுணுப்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் முணுமுணுப்பார்கள்.

அப்ரைசல் பயத்துக்கு வருகிறேன். பயமே தேவையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில ஆபீஸ்களில் குடிக்கும் வட்டத்துக்குள் தகவல் சீக்கிரம் போகும், நெருக்கம் சீக்கிரம் வளரும். அதில் கொஞ்சம் இழப்பீர்கள். அதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். மேனேஜரோடு நாலு மணி டீக்குக் கீழே இறங்குங்கள், வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுங்கள், பார்ட்டிக்கு மறுநாள் காலை எல்லோரும் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டோடு தயாராக இருங்கள். குடித்த காலத்தில் எத்தனை திங்கள்கிழமை லீவு போட்டிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்ரைசலைக் கெடுத்தது பெரும்பாலும் அதுதான்.

வெளிநாட்டு கிளையன்ட் டின்னரைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அமெரிக்கர்களிடம் குடிப்பதில்லை என்றால் அடுத்த கேள்வியே இருக்காது, ஏன் என்று கேட்பதை அங்கே அநாகரிகமாக நினைப்பவர்கள் நிறைய. ஜப்பான்காரர்களின் ஆபீஸ் விருந்தில் குடிக்காதவர்கள் ஊலாங் டீ வாங்கிக்கொள்வது சர்வ சாதாரணம். முதல் சியர்ஸுக்கு எல்லோரோடும் சேர்ந்து கிளாஸைத் தூக்கினால் போதும்.

சிகிச்சை எடுத்ததை யாரிடம் சொல்வது? டீம் முழுக்க அறிவிக்க வேண்டாம். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் குடிக்காதவர் அல்லது அளவோடு நிறுத்துகிறவர். அவருக்கு வேலையைத் தெளிவாகக் கொடுங்கள்: "என் பக்கத்துல உக்காரு. ஒன்பதரைக்கு என்னை எழுப்பி டாக்ஸியில ஏத்திவிடு." "என்னைக் கொஞ்சம் பாத்துக்க" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் இரண்டாவது ரவுண்டில் மறந்துவிடுவார். ஹெச்ஆரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுவால் வரும் மனநல பாதிப்புகளும் அடங்கும். அதே சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. மருத்துவ விடுப்பு, இன்சூரன்ஸ் என்று தேவை வந்தால் மட்டும், எழுத்தில், தேவையான அளவுக்குச் சொல்லுங்கள்.

ஒருவேளை குடித்துவிட்டால்? "ஒரு வாய் பட்டாச்சு, ஆறு மாசமும் போச்சு, இனிமே எவ்வளவு குடிச்சா என்ன" என்று மனசு சொல்லும். முதல் பெக்கைவிட இந்த எண்ணம்தான் ஆளை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. ஒரு பெக்கில் நிறுத்தி எழுந்தால் அது ஒரு பெக்தான், ஆறு மாத உழைப்பு எங்கும் போகவில்லை. அன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மறுநாள் ஆலோசகருக்கு போன் செய்யுங்கள். உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும், பழைய அளவு குடித்தால் பலமாக அடிக்கும், வண்டியைத் தொடாதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் தினமும் குடிக்கிறவராக இருந்து, நாளைக்கே அடியோடு நிறுத்தப் போகிறேன் என்று கிளம்பினால், ஒரு டாக்டரைப் பார்க்காமல் செய்ய வேண்டாம். நீண்ட நாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்க்கிறார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

இனி பாண்டிச்சேரி. அவுட்டிங்கில் குடி ரிசார்ட்டில் ஆரம்பிப்பதில்லை, பஸ்ஸின் கடைசி சீட்டில், கோவளம் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிடும். பாண்டிச்சேரியில் விலை குறைவு, 18 வயதானாலே வாங்கலாம், "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்ற நியாயம் வேறு. ராத்திரி ஒன்பதரைக்கு நீங்கள் எழுந்தாலும் போக இடம் இல்லை, உங்கள் ரூமிலேயே மீதி பார்ட்டி நடந்துகொண்டிருக்கும். திரும்பும்போது "நீதான் குடிக்கலையே, உன் பையில ரெண்டு பாட்டில் வெச்சுக்க, செக்போஸ்ட்ல உன்னைச் சந்தேகப்பட மாட்டாங்க" என்பார்கள். தமிழ்நாட்டு எல்லையில் பிடிபட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு உங்கள் பெயரில்தான்.

டீம் லீடாக இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, திட்டம் போடும்போதே வாய் திறக்கலாம். தங்காமல் ஒரே நாளில் போய் வருவது, காலையில் படகு, மத்தியானம் சாப்பாடு, ஐந்து மணிக்குக் கிளம்புவது என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை வைத்திருப்பவர்களும் பெண்களும் உங்களை ஆதரிப்பார்கள். எடுபடாவிட்டால் பகலுக்கு மட்டும் போய்வாருங்கள். காரில் மூன்று மணி நேரம்தான், பஸ்ஸும் நிறைய உண்டு. கம்பெனி பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டு. விளையாட்டு, சாப்பாடு, போட்டோ எல்லாம் முடித்துவிட்டு ஐந்தரைக்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிடுங்கள். ரூம் லிஸ்ட் போடும் பையனிடம் இந்த வாரமே சொல்லி உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகு சொன்னால், "ரூம் போட்டாச்சு, இப்ப எப்படி?" என்பார்கள், நீங்களும் சரி என்றுவிடுவீர்கள்.